பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும்: டெல்டா வாசகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2000ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, மிட்சுபிஷி லான்சர், அவற்றுக்கு முந்தைய கான்டெஸா, கோவாவில் தயாரான இரண்டு கதவு சான் ஸ்டார்ம் ஆகியவற்றைத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கங்களில் இன்றும் சிலர் ஆசையோடு பராமரித்து வருகிறார்கள். இவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் அலாரத்தையும், தூரத்திலிருந்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் ரிமோட் ஸ்டார்ட்டரையும் சேர்த்துப் பொருத்த விரும்பி ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேடிப் போகிறார்கள். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே ரிமோட்டோடு விற்கப்படுவதால் இரண்டும் ஒரே வேலை என்று தோன்றும். உண்மையில் அலாரத்தை அநேகமாக எந்தப் பழைய காரிலும் பயமின்றிப் பொருத்தலாம். ரிமோட் ஸ்டார்ட்டரோ, மேனுவல் கியர் உள்ள காரில் சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே பொருத்தத் தக்கது. கார்புரேட்டர் காரில் அதைப் பொருத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணங்களை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை அணைத்து, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. கடைத்தெருவிலோ கோயில் வாசலிலோ ஆளில்லாத காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்வது இந்தப் பிரிவுக்கு நேர் எதிரானது. ஆகவே ரிமோட் ஸ்டார்ட் என்பது உங்கள் வீட்டு வளாகத்துக்குள் மட்டும் பயன்படும் வசதி என்று வைத்துக்கொண்டே செலவைத் தீர்மானியுங்கள்.

புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பு அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவியைப் பொருத்தி உரிய சான்று பெற்றால், காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 விழுக்காடு, அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி தருவது வழக்கமாக இருந்து வருகிறது. தொகை சிறிதுதான். ஆனால் வயரிங்கில் கை வைப்பதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது, பின்னாளில் க்ளெய்ம் கேட்கும்போது எழக்கூடிய வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

காரின் உடல்நிலை

புதுக் கருவியைப் பழுதான வயரிங்கில் இணைத்தால், அதன்பின் வரும் எல்லாக் கோளாறுக்கும் அலாரத்தின் மேல்தான் பழி விழும். எனவே முதலில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓர் இரவு முழுவதும் சும்மா நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி, பேட்டரி டெர்மினல், பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை ஆகிய மூன்றில் ஒன்று பலவீனமாக இருக்கிறது என்று பொருள். கடற்கரையை ஒட்டிய நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி வட்டாரத்துக் கார்களில் பெரும்பாலும் எர்த் பட்டைதான் காரணம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் வயரின் உறையைச் சற்று உரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வயர் போட வேண்டுமே தவிர, சுரண்டி டேப் சுற்றுவதில் பயனில்லை.

டைனமோ இருந்த காலத்து, பிரிட்டிஷ் வடிவமைப்பிலான கார் உங்களிடம் இருந்தால், பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் இன்று கிடைக்கும் எந்த அலாரத்தையும் நேரடியாக இணைக்க முடியாது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

ரிமோட் அனுப்பும் குறியீடு ஒவ்வோர் அழுத்தத்துக்கும் மாற வேண்டும். இதற்கு ரோலிங் கோடு என்று பெயர். மாறாத குறியீடு கொண்ட மலிவான கருவியின் ரிமோட்டை, கடையில் கிடைக்கும் நகல் ரிமோட்டை அருகில் வைத்து நொடியில் படியெடுத்துவிடலாம். அடுத்து, ரிமோட் ஸ்டார்ட்டும் வேண்டுமென்றால் மேனுவல் கியருக்கென்றே தனி இயக்கமுறை உள்ள கருவியாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காருக்கான கருவியைக் கிளட்ச் சுவிட்சை மட்டும் ஏமாற்றி மேனுவல் காரில் பொருத்துவதாக யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். மூன்றாவதாக, கருவி செயலற்று விழித்திருக்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தைக் குறிப்பேட்டில் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் அலாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர் மணியை எடுத்துக்கொள்கிறது. ஒரு மாதத்தில் 14 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும், அதாவது 35 ஆம்பியர் மணி பேட்டரியில் ஏறக்குறைய 40 விழுக்காடு. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்து காரை எடுப்பவர்கள் டெல்டாவில் அதிகம். அவர்கள் பேட்டரிக்கு நிரந்தரப் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை வாங்காமல் அலாரம் வாங்குவதில் அர்த்தமில்லை.

வயர்களை அடையாளம் காணுதல்

வேலையின் பெரும்பகுதி இதுதான். ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றி, இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தடித்த வயர்களைத் தேடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். 20 ஆண்டு ஓடிய காரில் இடையில் யார் எந்த வயரை மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரால் மட்டும் சோதியுங்கள், ஏனெனில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் இழுக்கும் மின்னோட்டம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. உள்ள காரில் அதைப் பழுதாக்கலாம், ஏர்பேக் உள்ள காரில் அதை வெடிக்கவும் செய்யலாம்.

சாவி எந்த நிலையில் இருந்தாலும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் உயிர் பெற்று, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அணைந்துவிடுவது ஆக்சஸரி வயர். சாவி ஆன் நிலையிலும் செல்ஃப் அடிக்கும்போதும் இடைவிடாமல் 12 வோல்ட் காட்டுவது இக்னிஷன் வயர். சாவி ஆன் நிலையில் உயிரோடு இருந்து, செல்ஃப் அடிக்கும்போது அணைந்து, மீண்டும் வருவது இரண்டாவது இக்னிஷன் வயர், ஏ.சி. பிளோயர் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் உயிர் பெறுவது ஸ்டார்ட் வயர். பாயின்ட் இக்னிஷன் உள்ள சில பழைய கார்களில் காயிலுக்கு முன்னால், வோல்ட்டேஜைக் குறைக்கும் ஒரு பலாஸ்ட் ரெசிஸ்டர் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அதைத் தாண்டிக் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் கொடுக்கும் வயர் சுவிட்சிலிருந்து வந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதை இணைக்காமல் விட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது.

கண்டுபிடித்த ஒவ்வொரு வயரிலும் துணி டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

அலாரத்தைப் பொருத்துதல்

மூளைப் பெட்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால், கையெட்டாத உயரத்தில், இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டுங்கள். இருக்கைக்கு அடியிலோ, கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டிலோ வைப்பது எளிது; ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஊர்களில் முதலில் நனைவது அந்த இடம்தான். சைரனை இன்ஜின் அறையில், சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து விலகி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மேல்நோக்கி வைத்தால் கூம்பில் தண்ணீர் தேங்கும். உள்ளேயே சிறு பேட்டரி உள்ள சைரன், திருடன் கார் பேட்டரியைக் கழற்றினாலும் கத்தும் என்பதால் அதுவே நல்லது. அதன் சாவியைத் தொலைத்தால், நீங்கள் பேட்டரி மாற்றும் அன்றும் அது கத்தும்.

இன்ஜின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலில் புதிய துளை போடாமல், ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட் வழியாக வயர்களைக் கொண்டு செல்லுங்கள். இது வெறும் அழகுக்காகச் சொல்வதன்று. சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். சும்மா நிற்கும் காரின் பானட் அவற்றுக்கு வசதியான இடம். விரல் நுழையும் துளை எலிக் குஞ்சுக்குப் போதும். இன்ஜின் அறையில் போகும் எல்லா வயர்களையும் நெளிவுக் குழாய்க்குள் செலுத்தி, குழாயின் இரு முனைகளையும் டேப்பால் அடைத்துவிடுங்கள்.

கதவு சுவிட்சுகளைப் பொறுத்தவரை, பழைய கார்களில் பெரும்பாலும் கதவைத் திறந்ததும் சுவிட்ச் எர்த் கொடுத்து உள் விளக்கை எரிய வைக்கும். இந்த வகைக்கு அலாரத்தின் நெகட்டிவ் டிரிகர் வயரும், சுவிட்ச் 12 வோல்ட் கொடுக்கும் வகைக்குப் பாசிட்டிவ் டிரிகர் வயரும் பொருந்தும். இரண்டில் ஒன்றை மட்டும் இணைத்து, மற்றதை மடித்துக் காப்பிட்டு விடுங்கள். பின் கதவுகளில் சுவிட்சே இல்லாத கார்கள் உண்டு என்பதால் நான்கு கதவையும் தனித்தனியே திறந்து பாருங்கள். பானட்டுக்கும் டிக்கிக்கும் புதிய பின் சுவிட்ச் வைப்பது கட்டாயம். பானட் சுவிட்ச் இல்லாமல் ரிமோட் ஸ்டார்ட்டை நினைத்தே பார்க்கக் கூடாது.

நான்கு இண்டிகேட்டர் பல்புகளும் ஒருசேர எரிந்தால், ஒவ்வொன்றும் 21 வாட் வீதம், மொத்தம் 7 ஆம்பியர் ஓடும். அலாரத்தில் விளக்குக்கென இரண்டு வயர்கள் இருந்தால் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று கொடுங்கள். ஒரே வயர்தான் என்றால் இடையில் தக்க திறனுள்ள இரண்டு டயோடுகள் வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்க இண்டிகேட்டர் போடும்போது வலமும் சேர்ந்து எரியும்.

சென்டர் லாக் இல்லாத காரில், ஓட்டுநர் கதவுக்கு 5 வயர் மோட்டாரும் மற்ற கதவுகளுக்கு 2 வயர் மோட்டாரும் வாங்கிப் பூட்டுக் கம்பியோடு இணைக்க வேண்டும். கம்பி தடையின்றி நேர்கோட்டில் நகர வேண்டும் என்பதைத் தவிர இதில் சிக்கல் எதுவும் இல்லை.

அதிர்வு சென்சாரைப் பாடியின் உறுதியான ஓர் உலோகப் பகுதியில் பொருத்தி, உணர்திறனைக் குறைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். தவிலும் அதிர்வேட்டும் திருவிழாவும் உள்ள ஊரில் உச்ச உணர்திறனில் வைத்த அலாரம் இரவெல்லாம் கத்தும். மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் அதை மதிக்க மாட்டார்கள், உண்மையில் திருடன் வந்தாலும் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். துணிக்கூரை உள்ள ஸ்டார்ம் போன்ற காரில் அல்ட்ராசானிக் சென்சாரைத் தவிர்த்துவிடுங்கள். காற்றில் கூரை அசைவதையே அது ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

செல்ஃபைத் துண்டிக்கும் ரிலே

காரைத் திருட முடியாமல் செய்வது சைரன் அன்று, இந்த ரிலேதான். அலாரம் இயங்கும் நேரத்தில் ஸ்டார்ட் வயரைத் துண்டித்து வைப்பது இதன் வேலை. சிலர் இக்னிஷன் வயரையோ பெட்ரோல் பம்ப் வயரையோ துண்டிக்கும்படி இணைப்பார்கள். அதைச் செய்யாதீர்கள்; ரிலே பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும் கார் கொள்ளிடம் பாலத்தின் நடுவில் லாரிக்கு முன்னால் நின்றுபோகும். ஸ்டார்ட் வயரைத் துண்டித்தால், ஏற்கெனவே ஓடும் இன்ஜினுக்கு எதுவும் ஆகாது.

ஐந்து முனை உள்ள 40 ஆம்பியர் ரிலேயை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் வயரை வெட்டி, சுவிட்சிலிருந்து வரும் பாதியை 30ஆம் முனைக்கும், செல்ஃபுக்குப் போகும் பாதியை 87ஏ முனைக்கும் இணையுங்கள். சுவிட்ச் பக்கத்திலிருந்தே ஒரு சிறு வயரை 86ஆம் முனைக்குக் கொடுங்கள். 85ஆம் முனையில், அலாரம் பூட்டியிருக்கும்போது எர்த் தரும் வயரை இணையுங்கள். இப்படி இணைத்தால் யாராவது சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடிக்க முயலும் கணத்தில் மட்டுமே ரிலே மின்சாரம் எடுக்கும். மற்ற நேரத்தில் பேட்டரிக்குச் செலவு இல்லை. அலாரப் பெட்டி முற்றிலும் செத்துப்போனாலும் 30க்கும் 87ஏக்கும் இடையிலான தொடர்பு இயல்பாகவே மூடியிருப்பதால், கார் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும். பழைய காரில் சேர்க்கும் எந்தக் கருவியும் பழுதானால் கார் பழைய நிலைக்கே திரும்பும்படி இருக்க வேண்டும். ரிலேயின் 85, 86 முனைகளுக்கிடையில் ஒரு 1 ஆம்பியர் டயோடை, அதன் கோடு போட்ட முனை 86ஐப் பார்க்கும்படி வைத்தால், ரிலே விடுபடும்போது எழும் மின் துள்ளல் அலாரத்தைத் தாக்காது.

ஸ்டார்ட் வயருக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். இணைப்புகளைச் சால்டர் செய்து வெப்பத்தில் சுருங்கும் உறை போடுங்கள், அல்லது நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு சித்திரை வெயிலில் பசை இளகி அவிழும். ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

ரிமோட் ஸ்டார்ட்டர்: யாருக்கு, எப்படி

குளிர் நாடுகளில் இன்ஜினைச் சூடாக்க இதை வைத்தார்கள். நமக்கு ஒரே பயன், வெயிலில் நின்ற காரில் ஏறுவதற்கு முன் ஏ.சி. ஓடியிருப்பதுதான். அதற்காக, பழைய ரேடியேட்டரும் தேய்ந்த விசிறியும் உள்ள இன்ஜினை, வெப்பமானியைப் பார்க்க ஆளில்லாமல் ஐடிலில் ஓடவிடுவது சரியா என்று யோசியுங்கள். நான்கு கண்ணாடிகளையும் இரண்டு நிமிடம் இறக்கி வைத்தால் சூடு நன்றாகத் தணிந்துவிடும்.

கார்புரேட்டர் கார் ஒரு வாரம் நின்றால் மிதவை அறையில் உள்ள பெட்ரோல் ஆவியாகியிருக்கும். சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை இருமுறை மிதித்துத்தான் அதை எழுப்ப வேண்டும். கருவிக்குக் கால் கிடையாது. அது செல்ஃபை விட்டுவிட்டு அடித்துப் பேட்டரியை இறக்கும். பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் உள்ள சிட்டி, பாலியோ, லான்சர் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. பாலியோவைப் போலச் சாவிக்குள் சிப் உள்ள காரில் மட்டும், சாவி இல்லாமலே சிப் சோதனையைக் கடக்க வைக்கும் பைபாஸ் கருவி தேவைப்படும். சில வகைகளில் உண்மையான சாவி ஒன்றையே டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைக்கச் சொல்வார்கள். திருட்டைத் தடுக்கத் தொடங்கிய வேலை, திருடனுக்குச் சாவி தருவதில் முடியக் கூடாது.

மேனுவல் கியர் காரில் உயிர் ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நம் டெல்டா சமதளம். கார் உருண்டு ஓட மேடு இல்லாததால், ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்திருப்பதே தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடும்; பலர் முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போவார்கள். அந்த நிலையில் ரிமோட்டை அழுத்தினால் கார் முன்னே பாயும். முன்னால் குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதற்காகவே மேனுவல் கருவிகளில் முன்பதிவு முறை இருக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ரிமோட்டை அழுத்திச் சாவியை எடுக்க வேண்டும். நீங்கள் இறங்கிக் கதவுகளை மூடிப் பூட்டியதும் கருவியே இன்ஜினை அணைக்கும். அதன்பின் ஏதாவது ஒரு கதவு திறந்தாலும் முன்பதிவு ரத்தாகி, ரிமோட் ஸ்டார்ட் மறுக்கப்படும். யாரும் உள்ளே போய்க் கியரை மாற்றியிருக்க முடியாது என்பதே இதன் தர்க்கம். ஆகவே ஹேண்ட் பிரேக் சுவிட்ச், நான்கு கதவு சுவிட்சுகள், பானட் சுவிட்ச் ஆகிய ஆறும் பழுதின்றி வேலை செய்தால்தான் இந்தப் பாதுகாப்பு உண்மையானது. கண்ணாடி இறங்கியிருந்தால் வெளியிலிருந்தே கையை விட்டுக் கியர் போடலாம் என்பதையும், துணிக்கூரைக் காருக்கு இந்த முறை போதாது என்பதையும் மறக்காதீர்கள்.

ரிமோட் ஸ்டார்ட்டரின் ஸ்டார்ட் வெளியீட்டை, நாம் வைத்த ரிலேக்குப் பின்னால், அதாவது 87ஏ முனையிலிருந்து செல்ஃபுக்குப் போகும் பாதியில் இணைக்க வேண்டும். இக்னிஷன், இரண்டாம் இக்னிஷன், ஆக்சஸரி வயர்களைத் தனித்தனி வெளியீடுகளில் கொடுங்கள். இன்ஜின் பிடித்துவிட்டதைக் கருவி அறிந்துகொள்ள, காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்தோ இன்ஜெக்டர் வயரிலிருந்தோ, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் சுழற்சிக் குறிப்பை எடுங்கள். பேட்டரி வோல்ட்டேஜை வைத்து ஊகிக்கும் முறையில், இன்ஜின் பிடித்த பிறகும் செல்ஃப் சுற்றிப் பல்சக்கரம் தேயும். தானே அணையும் நேரத்தை 10 நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டோடு ஒட்டிய மூடிய கொட்டகையில் ரிமோட் ஸ்டார்ட் செய்தால் கார்பன் மோனாக்சைடு ஜன்னல் வழியே படுக்கையறைக்கு வரும், அதற்கு மணமில்லை. அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் வைக்கோல் மேல் ஓட்டி வந்த காரின் அடியில், சைலன்சரில் சிக்கிய வைக்கோல் தங்கியிருக்கும். குனிந்து பார்த்து அகற்றாமல் ஆளில்லாத இன்ஜினை ஓடவிட்டால் கார் தீப்பிடிக்க அதுவே போதும்.

சோதனை

பேட்டரியை இணைத்ததும், காருக்கு முன்னும் பின்னும் திறந்த இடம் விட்டு, ஒவ்வொரு பாதுகாப்பையும் வேண்டுமென்றே மீறிப் பாருங்கள். முன்பதிவுக்குப் பின் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி ரிமோட்டை அழுத்துங்கள். நான்கு முறையும் இன்ஜின் மறுக்க வேண்டும். ஓடும்போது பானட்டைத் திறந்தால், ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால், பிரேக்கை மிதித்தால், ஒவ்வொன்றுக்கும் உடனே அணைய வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த வயரைச் சரிசெய்யும் வரை ஸ்டார்ட் வெளியீட்டைக் கழற்றி வையுங்கள். கடைசியாகக் காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மின் கசிவை அளந்தால், மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

எந்த வயர் எங்கே இணைந்தது, எந்த ஃப்யூஸ் எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி. நகலோடு வையுங்கள். காரை வாட்டர் சர்வீஸுக்கோ மெக்கானிக்கிடமோ விடும்போது, கருவியைத் தற்காலிகமாக நிறுத்தும் வேலட் சுவிட்சை அழுத்தி ரிமோட் ஸ்டார்ட்டை முடக்கிவிட்டு, அதை வாயால் சொல்லியும் விடுங்கள். ரிமோட் உங்கள் சட்டைப்பையில் தவறி அழுந்தும் நேரத்தில் அவருடைய கை ஃபேன் பெல்ட்டில் இருக்கலாம்.